கேள்வி பதில்: செக்ரட்டேரியட்டைப் பார்க்கும்போது கடிகாரத்தையும் பாருங்கள்

குதிரைப் பந்தயப் பகுதிக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குதிரையைப் பற்றியவை. 1973இல் கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட் என்று ஐந்து வாரத்தில் மூன்று பந்தயங்களையும் வென்று, அமெரிக்காவில் 25 ஆண்டுகளாக யாருக்கும் கிடைக்காத ட்ரிபிள் கிரௌனைத் தட்டிச்சென்ற செக்ரட்டேரியட்தான் அது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கே: பெல்மான்ட் ஓட்டத்தின் வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. கடைசி நேர்க்கோட்டில் அது தன்னந்தனியாக வரும்போது இன்றும் சிலிர்க்கிறது. 31 லெங்த் இடைவெளியை யார், எப்படி அளந்தார்கள்? ஜாக்கி எதற்காகத் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்? – கோவை வாசகர்

ப: ஒரு லெங்த் என்றால் குதிரையின் மூக்கிலிருந்து வால் அடிவரை உள்ள நீளம், ஏறக்குறைய 8 அடி. 31 லெங்த் என்றால் 75 மீட்டர் அளவுக்கு வரும். அவ்வளவு தூரத்தைக் கண்ணால் பார்த்துச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஒரு லெங்த்துக்கு ஐந்தில் ஒரு பங்கு விநாடி என்பது பந்தயக்காரர்களின் பழைய வாய்ப்பாடு. ஆக அந்த 31ஐ அங்குல சுத்தமான அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவதாக வந்த ட்வைஸ் எ பிரின்ஸ் ஐந்தாறு விநாடி பின்தங்கியது என்று புரிந்துகொண்டால் போதும்.

எங்களைக் கேட்டால், அந்த ஓட்டத்தின் அருமை இடைவெளியில் இல்லை. எதிரிகள் மட்டமாக இருந்தால் சுமாரான குதிரைகூட 20 லெங்த்தில் ஜெயித்துவிடும். பார்க்க வேண்டியது கடிகாரத்தை. ஒன்றரை மைலுக்கு 2 நிமிடம் 24 விநாடி. அதற்கு முன்பு பெல்மான்ட் பந்தயச் சாதனை, 1957இல் காலண்ட் மேன் ஓடிய 2 நிமிடம் 26.6 விநாடி. 16 ஆண்டு அசையாத சாதனை ஒரே மதியத்தில் 2.6 விநாடி இறங்கியது. அதன்பின் இந்தப் பந்தயத்தில் ஒன்றரை மைலை இரண்டு நிமிடம் 26க்குக் கீழே யாரும் ஓடியதில்லை. 1989இல் ஈஸி கோயரும் 1992இல் ஏ.பி. இண்டியும் சரியாக 2:26இல் நின்றுவிட்டன.

கால் மைல் கால் மைலாகப் பிரித்துப் பாருங்கள்: 23.6, 22.6, 23.6, 24.4, 24.8, 25.0 விநாடி. இரண்டாவது கால் மைல்தான் வம்பு. ஷாம் என்ற குதிரை பக்கத்திலேயே விடாமல் ஓட, இரண்டும் சேர்ந்து முதல் அரை மைலை 46.2 விநாடியில் கடந்தன. ஒன்றரை மைல் ஓட வேண்டிய குதிரை அந்த வேகத்தில் கிளம்பினால் கடைசி வளைவிலேயே கால் தளர்ந்துவிடும் என்பதுதான் பந்தய உலகின் பாடம். ஷாமுக்கு அதுதான் நடந்தது. ஓடிய ஐந்தில் அது கடைசி. செக்ரட்டேரியட்டும் தளரத்தான் செய்தது, 24.4, 24.8, 25 என்று எண்கள் ஏறுவதைப் பாருங்கள். ஆனால் தளர்ந்த நிலையிலும் கடைசிக் கால் மைல் 25 விநாடிதான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒன்றேகால் மைல் குறியைக் கடந்தபோது கடிகாரம் 1 நிமிடம் 59. ஐந்து வாரம் முன்பு இதே ஒன்றேகால் மைலை டெர்பியில் சாதனையாக ஓடியபோது ஆனது 1 நிமிடம் 59.4. அதாவது தன் டெர்பி சாதனையைப் போகிற போக்கில் முந்திவிட்டு, அதற்கு மேல் இன்னும் கால் மைல் ஓடியிருக்கிறது. முதுகில் 57 கிலோ.

ஜாக்கி ரான் டர்காட் திரும்பிப் பார்த்தது மைதானத்தின் உள்பக்கப் பலகையில் ஓடிய நேரத்தை. பின்னால் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். சாதனை வருகிறதா என்றுதான் பார்த்தார். பாப் காக்லியனீஸ் எடுத்த புகழ்பெற்ற படத்தில் இருப்பது அந்தப் பார்வைதான்.

கே: ஸ்டாப்வாட்ச் வைத்து வீடியோவில் அளந்து பார்த்தேன். 2:24 வரவில்லை, கூடுதலாக வருகிறது. எங்கே தப்பு? – திருநெல்வேலி வாசகர்

ப: கேட் திறந்ததும் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அமெரிக்க முறைப்படி நேரம் கேட்டிலிருந்து தொடங்காது. கேட்டைச் சில கஜம் பின்னால் நிறுத்துவார்கள். குதிரைகள் அந்தத் தூரத்தை ஓடி, பந்தயத் தூரம் தொடங்கும் புள்ளியை முதல் குதிரை தொடும்போதுதான் கடிகாரம் ஓடும். கேட்டிலிருந்து அளந்தால் ஓரிரு விநாடி கூடிவிடும்.

பெல்மான்ட் பார்க்கின் வெளிச்சுற்று சரியாக ஒன்றரை மைல். ஒரு முழுச் சுற்று, தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒன்றே. அதனால் கிளம்பியதும் முதல் குதிரை முடிவுக் கம்பத்தைத் தாண்டும் கணத்தில் அழுத்துங்கள்.

அப்படியும் பொருந்தாவிட்டால் வீடியோவின் ஓட்ட வேகத்தைச் சந்தேகப்படுங்கள். பழைய பிலிமில் விநாடிக்கு 24 படம், அமெரிக்கத் தொலைக்காட்சியில் 30. மாற்றும்போது கவனக்குறைவாக இருந்தால் எல்லாமே வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தடுப்பு வேலியோரம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கம்பங்கள் கால் மைலுக்கு ஒன்று. பச்சை வெள்ளைக் கம்பம் இடையிலுள்ள ஒரு பர்லாங் (மைலில் எட்டில் ஒரு பங்கு) கணக்குக்கு, கறுப்பு வெள்ளை அரை பர்லாங்குக்கு. எல்லாமே முடிவுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைச் சொல்பவை. கடைசிச் சிவப்பு வெள்ளைக் கம்பத்திலிருந்து முடிவுவரை நீங்கள் அளப்பது 25 விநாடி வந்தால் வீடியோ சரி. 24 வந்தால் உங்கள் பிரதி நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடுகிறது. கம்பம் சட்டென்று கடந்துவிடும். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தால்தான் பிடிபடும்.

கே: என் மாமனார் அந்தச் சமயம் நியூயார்க்கில் இருந்தார். பெல்மான்ட் அன்று வாங்கிய இரண்டு டாலர் டிக்கெட்டை மாற்றாமல் பர்ஸிலேயே வைத்திருந்தாராம். இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது? – சென்னை வாசகி

ப: மாற்றியிருந்தால் 2 டாலர் 20 சென்ட் கிடைத்திருக்கும். அவ்வளவு பேர் செக்ரட்டேரியட் மீதே கட்டியிருந்தார்கள். அதைவிட அந்தத் துண்டுச் சீட்டே பெரிது என்று நினைத்தவர் உங்கள் மாமனார் மட்டும் இல்லை. 5,617 வெற்றிச் சீட்டுகள் கடைசிவரை கவுன்டருக்குத் திரும்பவே இல்லை.

முதலில் தேதி 1973 ஜூன் 9தானா, குதிரை எண் 2தானா என்று பாருங்கள். செக்ரட்டேரியட்டின் சேணத்துணியில் அன்று இருந்த எண் 2. நினைவுப்பொருளாக அச்சிட்ட நகல்களும் உலவுகின்றன.

லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் மை கெடலாம், பசை காகிதத்துக்குள் இறங்கும், பிறகு பிரிக்கவே முடியாது. ஆல்பங்களில் வரும் மெல்லிய பிவிசி உறையும் ஆகாது. சென்னை வெயிலில் அது கசிந்து மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை வாங்கி, பின்னால் அமிலமற்ற அட்டை ஒன்று வைத்து, இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். சுவரில் மாட்ட ஆசை இருந்தால் வண்ண நகல் எடுத்து அதை மாட்டுங்கள். மடிப்பு விழுந்திருந்தால் இஸ்திரிப் பெட்டியை எடுக்காதீர்கள், இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துப் புத்தகப் பாரம் ஏற்றினாலே போதும்.

கே: மூன்று பந்தயங்களிலும் இன்றுவரை சாதனை இதனுடையது என்கிறார்கள். என்னிடம் உள்ள பழைய இதழில் ப்ரீக்னஸ் நேரம் 1:55 என்று இருக்கிறதே? – புதுச்சேரி வாசகர்

ப: உங்கள் இதழிலும் தப்பில்லை. ப்ரீக்னஸ் தூரம் ஒன்றேகால் மைலுக்கு அரை பர்லாங் குறைவு. அன்று பிம்லிகோ மைதானத்தின் மின்கடிகாரம் 1 நிமிடம் 55 காட்டியது. கையில் கடிகாரம் வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. மைதானத்தின் நேரக்காப்பாளர் 1:54.4 என்றார். டெய்லி ரேஸிங் ஃபார்ம் பத்திரிகைக்காரர்கள் 1:53.4 என்றார்கள். இரண்டு நாள் கழித்து அதிகாரபூர்வ நேரம் 1:54.4 ஆனது. அப்போதைய சாதனை 1:54. கடிகாரக் கோளாறால் ஒரு சாதனை பறிபோனது என்று ரசிகர்கள் 39 ஆண்டு பொருமிக்கொண்டிருந்தார்கள். குதிரையின் உரிமையாளர் பென்னி செனரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 2012 ஜூனில் மேரிலாந்து பந்தய ஆணையம் பழைய ஒளிப்பதிவுகளைப் படம் படமாக ஆராய்ந்த சாட்சியங்களைக் கேட்டு, 1 நிமிடம் 53 விநாடி என்று திருத்தியது. ஆகவே 2012க்கு முந்தைய புத்தகம் எதிலும் 1:53ஐத் தேடாதீர்கள்.

கே: டெர்பியில் போகப் போக வேகம் கூடியது என்கிறார்களே, அது அவ்வளவு அதிசயமா? – மதுரை வாசகர்

ப: ஆம். 25.2, 24, 23.8, 23.4, 23. ஐந்து கால் மைல்களும் ஒன்றைவிட ஒன்று வேகம். கூட்டினால் 1:59.4. மண் தடத்தில் வழக்கம் இதற்கு நேர் எதிர். முதலில் பாய்ந்து, கடைசியில் யார் குறைவாகத் தளர்கிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள். தொலைக்காட்சியில் கடைசியில் ஒரு குதிரை "பறந்து வருகிறது" என்று தோன்றும்போது, பெரும்பாலும் மற்றவை தளர்ந்து நிற்கின்றன, அவ்வளவுதான். இங்கே நிஜமாகவே வேகம் கூடியது.

இரண்டாவது வந்த ஷாமை மறந்துவிடாதீர்கள். கிளம்பும்போதே கேட்டில் தலை மோதி இரண்டு பற்கள் ஆடிப்போன நிலையில் ஓடி, இரண்டரை லெங்த் பின்னால் வந்தது. வேறு எந்த ஆண்டு பிறந்திருந்தாலும் அதற்கு ஒரு டெர்பி கிடைத்திருக்கும் என்பது எங்கள் கட்சி.

கே: இவ்வளவு பெரிய குதிரை ஏன் தோற்றது? – திருச்சி, சேலம் வாசகர்கள்

ப: 21 ஓட்டத்தில் 16 வெற்றி. மீதி ஐந்துக்கும் ஒரே காரணம் சொல்ல முடியாது. 1972 ஜூலை 4, முதல் ஓட்டம். கிளம்பியதும் இடிபட்டு நான்காவது. அதே ஆண்டு ஷாம்பெய்ன் பந்தயத்தில் முதலில் வந்தும், இன்னொரு குதிரைக்குக் குறுக்கே போனது என்று இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள்.

டெர்பிக்கு இரண்டு வாரம் முன்பு நடந்த வுட் மெமோரியல் தோல்விதான் விவரமாகப் பார்க்க வேண்டியது. மேலுதட்டின் உள்பக்கம் ஒரு சீழ்க்கட்டி. குதிரை வாயில் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு உண்டு, கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் உட்காரும். ஜாக்கி லகானைச் சுருக்கிப் பிடித்ததும் குதிரை அந்த இரும்பின் மேல் சாய்ந்து, அந்தப் பிடிப்பில் கழுத்தை நீட்டி வேகம் எடுக்கும். வாயில் வலி இருந்தால் சாயாது, தலையைத் தூக்கும். ஜாக்கிக்குக் குதிரை "சோம்பலாக" இருப்பதுபோலத் தெரியும். அன்று மூன்றாவது இடம். ஜெயித்த ஆங்கிள் லைட்டும் அதே பயிற்சியாளர் லூசியன் லாரின் லாயத்துக் குதிரைதான். கட்டி உடைந்து ஆறியதும் டெர்பி.

ஆகஸ்டில் சரடோகாவில் ஆனியன் என்ற குதிரையிடம் தோற்றபோது உடம்பில் லேசான காய்ச்சல். செப்டம்பர் கடைசியில் ப்ரூவ் அவுட்டிடம் தோற்றதற்கு மழை காரணம். அன்று ஓட வேண்டியது அதே லாயத்து ரிவா ரிட்ஜ். சேறு ரிவா ரிட்ஜுக்கு ஆகாது என்று, புல்தரைப் பந்தயத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த செக்ரட்டேரியட்டைக் கடைசி நேரத்தில் இறக்கினார்கள். ஆனியன், ப்ரூவ் அவுட் இரண்டுக்கும் பயிற்சியாளர் ஆலன் ஜெர்கன்ஸ். பெரிய குதிரைகளைக் கவிழ்ப்பதில் பேர்போனவர்.

கே: நாணயம் சுண்டிப்போட்டுக் கிடைத்த குதிரை என்பது கதையா, நிஜமா? – ஈரோடு வாசகர்

ப: நிஜம். செக்ரட்டேரியட்டின் தந்தையான பொலிகுதிரை போல்ட் ரூலர் ஆக்டன் ஃபிப்ஸ் தரப்பினுடையது. செனரி குடும்பத்துப் பெட்டைக் குதிரைகளை அதனிடம் அனுப்பி, பிறக்கும் குட்டிகளை இரு தரப்பும் பிரித்துக்கொள்வது ஏற்பாடு. சுண்டலில் ஜெயிப்பவருக்கு முதல் ஆண்டுக் குட்டிகள் இரண்டில் முதல் தேர்வு, தோற்பவருக்கு அடுத்த ஆண்டு. 1969இல் சுண்டும்போது அடுத்த ஆண்டுக்குச் சினையாக இருந்தது ஒரே குதிரை. அதனால் ஜெயித்தவருக்கு மொத்தம் ஒரு குட்டி, தோற்றவருக்கு இரண்டு. இரு தரப்புமே தோற்கத்தான் விரும்பினார்கள்! ஃபிப்ஸ் ஜெயித்து, தி பிரைட் என்ற பெண் குட்டியை எடுத்துக்கொண்டார். அது ஒரு பந்தயமும் வெல்லவில்லை. பென்னி செனரிக்குக் கிடைத்த இரண்டில், 1970 மார்ச் 30 அன்று வர்ஜீனியாவில் பிறந்த செம்பழுப்புக் குட்டிதான் இது.

கே: இதயம் பத்து கிலோ இருந்ததாமே? – வேலூர் வாசகர்

ப: எடை போடவில்லை. 1989இல் உடற்கூறு ஆய்வு செய்த டாக்டர் தாமஸ் ஸ்வெர்செக், இதயம் அசாதாரணமாகப் பெரிது, ஆனால் நோயில்லாதது என்றார். பிற்பாடு ஷாம் இறந்தபோது அதன் இதயத்தை எடை போட்டார், 18 பவுண்டு, எட்டு கிலோவுக்குச் சற்று மேல். அதைவிட இது பெரிது என்ற நினைவில் 22 பவுண்டு என்று கணித்தார். சாதாரணப் பந்தயக் குதிரைக்கு நான்கு கிலோ சுமார். ஆகவே "பத்து கிலோ என்று மதிப்பிட்டார்கள்" என்று எழுதினால் சரி, "இருந்தது" என்று எழுதினால் சரியில்லை. இந்தப் பெரிய இதயம் தாய்வழி மரபணுவில் வருகிறது என்ற கருத்து பிரபலம், ஆனால் நிரூபணமாகவில்லை. மகள்கள் வழிப் பேரன்கள் ஏ.பி. இண்டி, ஸ்டார்ம் கேட் எல்லாம் பெரிய பெயர் எடுத்ததால் அந்தக் கருத்துக்கு ஆயுள் கெட்டி.

கே: எப்படி இறந்தது? – நாகர்கோவில் வாசகர்

ப: குளம்பு அழற்சி, லாமினைட்டிஸ். குளம்பின் வெளிச்சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிடித்துவைத்திருப்பது, காளானின் அடிப்பக்கம்போல மடிப்பு மடிப்பான ஒரு திசு. அது வீங்கிப் பிடி விட்டால், குதிரையின் மொத்தப் பாரமும் எலும்பைக் கீழே அழுத்தும். எலும்பு திரும்பிக்கொள்ளும். குதிரை வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டிய அடையாளம்: குளம்பில் சூடு, கணுக்காலுக்குப் பின்னால் விரல் வைத்தால் ஓங்கி அடிக்கும் நாடி, முன்கால்களை நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நிற்பது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றே வைத்தியரைக் கூப்பிடுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள். செக்ரட்டேரியட்டுக்கு முற்றிவிட்டது. 1989 அக்டோபர் 4, 19 வயதில், வலி தாங்காது என்று ஊசி போட்டார்கள். பந்தயக் குதிரைக்குத் தலை, இதயம், குளம்பு மட்டும் புதைப்பது அங்கே வழக்கம். இதை முழு உடலாகக் கென்டக்கி மாநிலம் பாரிஸ் ஊரில், கிளைபோர்ன் பண்ணையில் புதைத்தார்கள். பண்ணையைப் பார்க்க முன்பதிவு வேண்டும்.

கே: பெல்மான்ட் தவிர இன்னும் ஒரே ஒரு ஓட்டம் பார்க்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்? – தஞ்சாவூர் வாசகி

ப: கடைசி ஓட்டம். 1973 அக்டோபர் 28, கனடாவின் வுட்பைன் மைதானம், புல்தரை. டர்காட் தடையில் இருந்ததால் எடி மேப்பிள் ஓட்டினார். ஆறரை லெங்த் வெற்றி. நல்ல குளிர் நாள், மூக்கிலிருந்து ஆவி பறந்தது. நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் விடும். முன்கால் தரையில் இறங்கும்போது வயிற்று உறுப்புகள் முன்னால் தள்ளி மூச்சை வெளியேற்றும், உடல் நீளும்போது உள்ளே இழுக்கும். உங்களுக்குக் கிடைக்கும் பிரதி தெளிவாக இருந்தால் கடைசி நேர்க்கோட்டில் வேகத்தைக் குறைத்து, முன்கால் ஊன்றும் கணத்தில் மூக்கைப் பாருங்கள்.